ஏஜென்ட்டுக்கு எழுதும் டூல் விளக்கம் நன்றாக இருக்கிறதா? அடிக்கடி வரும் கேள்விகள்

டூல் விளக்கங்களைப் பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லா உதாரணங்களுக்கும் ஒரே ஏஜென்ட்டை, அதாவது டூல்களைக் கூப்பிட்டு வேலையை முடித்துத் தரும் ஏஐ உதவியாளரை, வைத்துக்கொள்வோம். அது காலண்டர் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட். அதனிடம் நான்கு டூல்கள்: நிகழ்வு_தேடு, காலிநேரம்_பார், நிகழ்வு_சேர், நிகழ்வு_நீக்கு.

டூல் விளக்கம் என்றால் என்ன? அதை யார் படிக்கப் போகிறார்கள்?

ஏஜென்ட்டுக்குள் இருக்கும் ஏஐ மொழி மாடலால் தானாகக் காலண்டரைத் திறக்க முடியாது. நம் புரோகிராம்தான் அதற்கு டூல்களைக் கொடுக்கிறது. ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், சில வரி விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்று சொல்லும் ஸ்கீமா இருக்கும். பயனர் ஏதாவது கேட்டதும், மாடல் இவற்றைப் படித்துவிட்டு எந்த டூலை என்ன மதிப்புகளோடு கூப்பிட வேண்டும் என்று எழுதித் தரும். அதை இயக்குவது நம் புரோகிராம். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ கொண்டுவந்த ஃபங்ஷன் காலிங் ஆனாலும், 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்ற, டூல்களை மாடலோடு இணைக்கும் பொது விதிமுறை ஆனாலும், அடிப்படை இதுதான்.

ஆக, படிப்பது மாடல். அது உங்கள் புரோகிராமின் கோட் வரிகளைப் பார்த்ததில்லை, டீம் மீட்டிங்கில் உட்கார்ந்ததில்லை, புரியாவிட்டால் எழுந்து வந்து கேட்கவும் முடியாது. நீங்கள் எழுதாத எதுவும் அதற்குத் தெரியாது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளம்புவதுதான்.

ரெண்டு வரி எழுதுறதுக்கு இவ்வளவு கவலை தேவையா?

தேவை. எங்கள் தேடும் டூல் ஒரு தடவைக்கு 20 நிகழ்வுகள்தான் திருப்பித் தரும். மீதி அடுத்த பக்கத்தில். விளக்கத்தில் அதை யாரும் எழுதவில்லை. "இந்த மாதம் எனக்கு எத்தனை மீட்டிங்?" என்று கேட்டவர்களில் வேலை அதிகம் உள்ள அத்தனை பேருக்கும் ஏஜென்ட் தயங்காமல் 20 என்று சொல்லிக்கொண்டிருந்தது. எர்ரர் இல்லை, லாகில், அதாவது நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவில், சிவப்பு எழுத்து இல்லை. ஒருவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

"ஒரு முறைக்கு அதிகபட்சம் 20 நிகழ்வுகள் வரும், மேலும் இருந்தால் அடுத்தபக்கம் என்ற மதிப்பு வரும், அதைக் கொடுத்து மறுபடி கூப்பிடவும்" என்று சேர்த்தோம். அதோடு சரியானது. கோடில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

நல்ல விளக்கத்தில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்?

இந்த டூல் என்ன செய்யும், எப்போது இதை எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக் கூடாது, என்ன திரும்பி வரும், எல்லை எது. பொதுவாக முதலாவதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. என் அனுபவத்தில் அதிகம் பலன் தருவது அந்த மூன்றாவதுதான்.

"நிகழ்வுகளைத் தேடும்" என்று மட்டும் எழுதினால், "வியாழக்கிழமை எனக்கு எப்போது நேரம் இருக்கு?" என்ற கேள்விக்கும் மாடல் அதையே எடுக்கும். நிகழ்வுகளை வாங்கி, இடைவெளியைத் தானே கணக்குப் போட்டு, பாதி நேரம் தப்பாகச் சொல்லும். "ஏற்கெனவே பதிவான நிகழ்வுகளைத் தேடும். காலியான நேரம் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம், அதற்குக் காலிநேரம்_பார் இருக்கிறது" என்று எழுதிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

எதுவும் கிடைக்காதபோது என்ன வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். காலிப் பட்டியல் வந்தால் டூல் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று நான்கு முறை திரும்பத் திரும்பக் கூப்பிடும் ஏஜென்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

எங்களிடம் ஏபிஐ டாக்குமென்ட் இருக்கிறது. அதையே எடுத்து ஒட்டிவிடலாமா?

அப்படி ஒட்டியதுதான் நான் பார்க்கும் மோசமான விளக்கங்களில் பெரும்பாலானவை. ஏபிஐ என்பது ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கூப்பிடும் வழி; அதன் டாக்குமென்ட் எழுதப்பட்டது ஒரு டெவலப்பருக்காக. எந்த ஏபிஐ வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டுத்தான் அந்தப் பக்கத்துக்கே வருகிறார். ஏஜென்ட்டுக்கோ எதை எடுப்பது என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு டாக்குமென்டில் பதில் இருக்காது. லாகின் முறை, வெர்ஷன் வரலாறு, உள்ளே எந்த டேட்டாபேஸ் என்பது போல அதற்குத் தேவையில்லாத சங்கதிகள் நிறைய இருக்கும். டாக்குமென்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிதாக எழுதுங்கள்.

எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பக்கத்தில் குழப்பக்கூடிய வேறு டூல் இல்லையென்றால் ஒரு வரி போதும். இருந்தால் நான்கைந்து வாக்கியம் ஆனாலும் பரவாயில்லை. ஆனால் விளக்கங்கள் ஒவ்வொரு முறையும் மாடலின் கான்டெக்ஸ்டில், அதாவது அது ஒரு தடவையில் படிக்கும் இடத்தில், போய் உட்காருகின்றன என்பதை நினைவில் வையுங்கள். 40 டூல், ஒவ்வொன்றும் 300 டோக்கன் (மாடல் எழுத்தைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டு) என்றால், பயனர் "வணக்கம்" என்று சொல்வதற்கு முன்பே 12,000 டோக்கன் போய்விடும்.

நீளத்தை முடிவு செய்ய நான் செய்வது இது. ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு டெஸ்ட்டை ஓட்டுவேன், அதாவது மாதிரிக் கேள்விகளை ஏஜென்ட்டிடம் கேட்டுப் பார்ப்பேன். ஒன்றுமே மாறவில்லை என்றால் அந்த வாக்கியம் சும்மா இருந்திருக்கிறது, அல்லது அது தடுக்கும் தவறுக்கு என்னிடம் டெஸ்ட் இல்லை. முதலாவதாக இருந்தால் வெட்டுவேன். இரண்டாவதாக இருந்தால் டெஸ்ட் எழுதுவேன்.

பாராமீட்டருக்கும், அதாவது டூலின் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும், விளக்கம் எழுத வேண்டுமா? பெயரைப் பார்த்தாலே புரியுமே?

உங்களுக்குப் புரியும். 'தேதி' என்று பெயர் வைத்துவிட்டீர்கள், சரி. 05/06 என்று வந்தால் அது மே 6-ஆ, ஜூன் 5-ஆ? எந்த நேர மண்டலம்? 'நேரம்' என்பது நிமிடமா, மணியா? 'பயனர்' என்றால் பெயரா, மின்னஞ்சலா, அல்லது ஐடி எனும் அடையாளக் குறியா? ஐடி என்றால் அது எங்கிருந்து கிடைக்கும்? கடைசிக் கேள்விக்கு "நிகழ்வு_தேடு தரும் ஐடியை அப்படியே கொடுக்கவும், ஊகிக்க வேண்டாம்" என்று எழுதாவிட்டால், மாடல் பார்க்க நிஜம் போலவே இருக்கும் ஐடி ஒன்றைத் தானே உருவாக்கிவிடும்.

தேதிக்கு ஐஎஸ்ஓ 8601 வடிவம், அதாவது 2025-06-05 போல, என்று ஒரு உதாரணத்தோடு சொல்லுங்கள். நான்கைந்து மதிப்புகள் மட்டுமே செல்லும் என்றால் அவற்றை விளக்கத்தில் சொல்வதோடு நிறுத்தாமல் ஸ்கீமாவிலேயே அனுமதித்த மதிப்புகளின் பட்டியலாகக் (enum) கட்டிப்போடுங்கள். ஸ்கீமாவால் தடுக்க முடிந்ததை வார்த்தையால் கெஞ்ச வேண்டியதில்லை.

படிச்சுப் பார்த்தா நல்லாத்தான் இருக்கு. தரத்தை எப்படி அளக்கிறது?

படித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்வது அந்த உரைநடைக்குக் கொடுக்கும் மார்க். விளக்கத்தின் தரம், அதைப் படித்த பிறகு ஏஜென்ட் என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. நடை அழகாக இருந்தும் ஏஜென்ட்டைத் தப்பான டூலுக்கு அனுப்பிய விளக்கங்களைப் பார்த்திருக்கிறேன். இலக்கணம் தட்டுத்தடுமாறினாலும் வேலையைக் கச்சிதமாக முடித்தவையும் உண்டு.

நான் நான்கு இடத்தில் தனித்தனியாகப் பார்ப்பேன். சரியான டூலை எடுத்ததா. எடுக்கக் கூடாத இடத்தில் எடுக்காமல் இருந்ததா. கொடுத்த மதிப்புகள் சரியா. திரும்பி வந்ததைச் சரியாகப் புரிந்துகொண்டு பதில் சொன்னதா. இவற்றை ஒரே சதவீதமாகக் கூட்டிவிடாதீர்கள். 85 சதவீதம் என்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எந்த வரியைத் திருத்துவீர்கள்? முதலாவதில் தவறு என்றால் விளக்கத்தின் தொடக்கமும் மற்ற டூல்களோடு உள்ள எல்லைக் கோடும் சரியில்லை. மூன்றாவது என்றால் பாராமீட்டர் குறிப்புகள். நான்காவது என்றால், மேலே சொன்ன 20 நிகழ்வுக் கதை போல, திரும்பி வருவதைப் பற்றிய வரி விடுபட்டிருக்கிறது.

முதலாவதற்கு ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். எந்த டூல் வர வேண்டிய இடத்தில் எந்த டூல் வந்தது என்று. நாற்பது டூல் இருந்தாலும் தவறுகள் இரண்டு மூன்று ஜோடிகளுக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த ஜோடிகளை எதிரெதிரே வைத்துத் திருத்தினால் போதும். மற்றவற்றைத் தொடவே வேண்டாம்.

டெஸ்ட் கேள்விகளை எங்கிருந்து எடுப்பது? எத்தனை வேண்டும்?

லாக் இருந்தால் அதிலிருந்து. பயனர்கள் எழுதிய மாதிரியே, எழுத்துப்பிழையோடு, அரைகுறை வாக்கியத்தோடு எடுங்கள். லாக் இல்லையென்றால் டூலை எழுதாத ஒருவரிடம் கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். டூலை எழுதியவரே டெஸ்ட்டும் எழுதினால் விளக்கத்தில் உள்ள சொற்களே கேள்வியிலும் வந்து விழும். "காலி நேரம் பார்" என்று எந்தப் பயனரும் கேட்க மாட்டார். "நாளைக்கு மதியம் மாட்டுவேனா?" என்றுதான் கேட்பார்.

டூலைக் கூப்பிடவே தேவையில்லாத கேள்விகளும் கலந்திருக்க வேண்டும், எந்த டூலாலும் முடியாத கேள்விகளும் வேண்டும். எண்ணிக்கைக்கு விதி கிடையாது. ஆனால் 30 கேள்விகள்தான் என்றால் ஒரே ஒரு கேள்வி மாறினாலே 3.3 சதவீதம் ஏறி இறங்கும். அதைப் பார்த்து முன்னேற்றம் என்று சந்தோஷப்பட்டுவிடக் கூடாது.

மாடலே இல்லாமல் கையால் பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். பெயர்களையும் விளக்கங்களையும் மட்டும் ஒரு தாளில் எடுங்கள். இந்தத் திட்டம் பற்றி எதுவும் தெரியாத இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, பதினைந்து கேள்விகளுக்கு எந்த டூல் என்று எழுதச் சொல்லுங்கள். இருவரும் வேறுவேறு டூலை எழுதிய இடங்களில் பெரும்பாலும் மாடலும் தடுமாறும். அரை மணி நேர வேலைதான்.

ஒரே கேள்வி ஒரு தடவை பாஸ் ஆகுது, அடுத்த தடவை ஃபெயில் ஆகுது. எதை நம்புவது?

இரண்டையும். மாடலின் பதில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், அதனால் ஒரே கேள்வியைப் பல முறை ஓட்டத்தான் வேண்டும். 2024-ல் வந்த டௌ-பெஞ்ச் என்ற அளவீடு இதைத் தனியாகவே கணக்கிட்டது. ஒரு வேலையை எட்டு முறை கொடுத்தால் எட்டு முறையும் சரியாகச் செய்கிறதா என்று அது பார்க்கும். ஒரு முறைக்கு 90 சதவீதம் சரி என்பது கேட்க நன்றாக இருக்கும். ஒவ்வொரு முறையும் தனித்தனி என்று வைத்துக்கொண்டால், எட்டு முறையும் சரியாக வரும் வாய்ப்பு சுமார் 43 சதவீதம்தான்.

சில முறை பாஸ், சில முறை ஃபெயில் என்று ஆடும் கேள்விகள்தான் எனக்குப் பொக்கிஷம். அங்கே விளக்கம் இரண்டு விதமாகப் படிக்கும்படி இருக்கிறது என்று அர்த்தம். எப்போதும் ஃபெயில் ஆகும் கேள்விக்குக் காரணம் வேறாக இருக்கலாம். ஆடும் கேள்வியில் தேட வேண்டிய முதல் இடம் வார்த்தைதான்.

இன்னொரு மாடலிடம் விளக்கத்தைக் கொடுத்து பத்துக்கு மார்க் போடச் சொல்லலாமா?

விடுபட்டதைக் காட்டச் சொல்லுங்கள், அதை நன்றாகவே செய்யும். "எல்லை சொல்லவில்லை, தேதி வடிவம் இல்லை" என்று சொல்வது பயனுள்ளது. மார்க்கை மட்டும் நம்பாதீர்கள். நீளமாக, ஒழுங்காக எழுதியதற்கு அது அதிக மார்க் போட வாய்ப்பு உண்டு. அதோடு, விளக்கத்தில் எழுதியிருப்பது உண்மையா என்று அதற்குத் தெரியாது. "50 நிகழ்வுகள் வரை தரும்" என்று தவறாக எழுதியிருந்தாலும் தெளிவுக்கு முழு மார்க் கிடைத்துவிடும். உண்மையா என்பதை டூலை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

தனியா டெஸ்ட் பண்ணா நல்லா இருக்கு. மத்த டூல்களோட சேர்த்தா சொதப்புது. ஏன்?

விளக்கம் தனியாக வாழ்வதில்லை. நிகழ்வு_தேடு மட்டும் இருந்தால் அதைத் தவிர வேறெதையும் எடுக்க முடியாது, எனவே எல்லாம் பாஸ். பக்கத்தில் இன்னொரு டீம் 'தேடு' என்று கோப்புகளைத் தேடும் டூல் ஒன்றைச் சேர்த்த அன்று உங்கள் விளக்கத்தின் தரம் குறைந்துவிட்டது, நீங்கள் ஒரு எழுத்தும் மாற்றாமலேயே. ஆகவே நிஜத்தில் எத்தனை டூல்களோடு ஓடுமோ அத்தனையோடும் டெஸ்ட் செய்யுங்கள். பட்டியலில் டூல்களின் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். வரிசை மாறியதும் விடை மாறினால், விளக்கம் வேறுபாட்டைச் சொல்லவில்லை என்று தெரியும்.

"மிக முக்கியம்", "கட்டாயம்" என்று போட்டால் மாடல் கேட்குமா?

கேட்கும், அதுதான் பிரச்சினை. "எப்போதும் முதலில் இதைக் கூப்பிடவும்" என்று எழுதினால் வணக்கம் சொன்னவருக்கும் காலண்டரைத் திறந்து பார்க்கும். எல்லா டூலும் தன்னை முக்கியம் என்று சொன்னால் எதுவும் முக்கியம் இல்லை. அழுத்தத்துக்குப் பதில் காரணத்தை எழுதுங்கள். "சேர்ப்பதற்கு முன் காலிநேரம்_பார் கூப்பிடவும், ஏனென்றால் இந்த டூல் நேரம் மோதுகிறதா என்று பார்க்காது" என்ற வரியில் காரணம் இருப்பதால், எப்போது பொருந்தும் என்பதை மாடலே முடிவு செய்துகொள்ளும்.

விளக்கத்தை எவ்வளவு திருத்தினாலும் அதே தவறு வருகிறது. என்ன செய்வது?

எழுதுவதை நிறுத்திவிட்டு டூலைப் பாருங்கள். கோப்புகளைத் திருத்தும் ஏஜென்ட் ஒன்றைப் பற்றி ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் எழுதியிருந்தது. ஏஜென்ட் வேறு ஃபோல்டருக்கு நகர்ந்த பிறகு சார்புப் பாதைகளை, அதாவது அப்போது இருக்கும் ஃபோல்டரிலிருந்து தொடங்கும் கோப்பு முகவரிகளை, கொடுப்பதில் தவறு செய்துகொண்டே இருந்தது. அவர்கள் டூலையே மாற்றி, முழுப் பாதையை மட்டும் ஏற்கும்படி செய்தார்கள். தவறு நின்றுவிட்டது. விளக்குவதற்கு ஐந்து வரி ஆகிறது என்றால், பெரும்பாலும் டூலின் வடிவத்தில்தான் கோணல்.

இன்னொரு இடம் எர்ரர் செய்தி. "தவறான உள்ளீடு" என்று மட்டும் திருப்பி அனுப்பினால் மாடல் குருட்டாம்போக்கில் மாற்றி மாற்றிப் பார்க்கும். "தேதி 2025-06-05 வடிவில் வேண்டும், வந்தது 05/06" என்று அனுப்பினால் அடுத்த முறையே திருத்திக்கொள்ளும். எர்ரர் செய்தியும் விளக்கத்தின் ஒரு பகுதி என்றுதான் நான் கணக்கில் வைக்கிறேன். அது தேவைப்படும் நேரத்தில் மட்டும் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அழிக்கிற டூலுக்கு "கவனமாகப் பயன்படுத்தவும்" என்று எழுதினால் போதுமா?

போதாது. கவனம் என்றால் எதைக் கவனிப்பது? வாரந்தோறும் வரும் மீட்டிங்கில் இந்த வாரத்தை மட்டும் நீக்கச் சொன்னார் ஒருவர். முழுத் தொடரும் போய்விட்டது. 'தொடர் முழுவதும்' என்ற உள்ளீடு கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று விளக்கத்தில் இல்லை. எது அழியும், திரும்ப எடுக்க முடியுமா, உள்ளீடு கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்ற மூன்றையும் நேராக எழுதுங்கள்.

எம்சிபியில் 'படிக்க மட்டும்', 'அழிக்கக்கூடியது' என்று டூலுக்கு அடையாளம் வைக்க வசதி உண்டு. வையுங்கள். ஆனால் அவை குறிப்புகள்தான், பூட்டு இல்லை. நம்பகமான சர்வரிலிருந்து வராத அடையாளங்களை நம்ப வேண்டாம் என்று அந்த விதிமுறையே சொல்கிறது. திரும்ப எடுக்க முடியாத வேலைக்குப் பயனரிடம் ஒப்புதல் கேட்கும் படி கோடில் இருக்க வேண்டும். எவ்வளவு நன்றாக எழுதினாலும் விளக்கம் அந்த வேலையைச் செய்யாது.

வெளியில் இருந்து எடுத்த டூல். விளக்கம் நன்றாகவே வேலை செய்கிறது. அப்படியே சேர்க்கலாமா?

முழுக்கப் படித்த பிறகு. மாடல் விளக்கத்தை நம்பிப் படிக்கிறது என்பதையே ஆயுதமாக்க முடியும். 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற ஏஐ பாதுகாப்பு நிறுவனம் இதை 'டூல் பாய்சனிங்' என்ற பெயரில் செய்து காட்டியது. இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு சாதாரண டூல். அதன் விளக்கத்துக்குள், பயனரின் ரகசியச் சாவிக் கோப்பைப் படித்து ஒரு உள்ளீடாக அனுப்பச் சொல்லும் வரிகள் இருந்தன. பயனரின் திரையில் சுருக்கம்தான் தெரிந்தது, முழுதும் மாடலுக்குப் போனது.

எனவே தரம் பார்க்கும்போது இதையும் பாருங்கள்: தன் வேலையைத் தவிர வேறு டூலைப் பற்றியோ, கோப்புகளைப் பற்றியோ, பயனரிடம் எதையாவது மறைப்பது பற்றியோ விளக்கம் பேசுகிறதா? பேசினால் விசாரியுங்கள். ஒருமுறை ஒப்புக்கொண்ட விளக்கம் பிறகு மாறவும் முடியும். நீங்கள் படித்த வடிவத்தைச் சேமித்து வைத்து, மாறினால் தெரியும்படி ஒரு ஒப்பீடு போட்டுவிடுங்கள்.

பயனர்கள் தமிழில் கேட்கிறார்கள். விளக்கமும் தமிழில் இருக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆங்கில விளக்கத்தை வைத்துக்கொண்டு தமிழ்க் கேள்விக்குச் சரியான டூலை எடுக்க இன்றைய பெரிய மாடல்களால் முடியும். தமிழ் எழுத்துக்கு டோக்கன் பொதுவாக அதிகம் செலவாகும் என்பதால், நீளக் கணக்கும் மாறும். அதைவிட முக்கியம் டெஸ்ட் கேள்விகள் பயனரின் மொழியில் இருப்பது. சுத்தத் தமிழ், பேச்சுத் தமிழ், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ் என்று மூன்றும் வேண்டும். "நாளன்னைக்கு" என்பதை எந்தத் தேதியாக மாற்றுகிறது என்று பாருங்கள். தவறு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மாடலை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டுமா?

டெஸ்ட்டை மறுபடி ஓட்ட வேண்டும், விளக்கத்தை மறுபடி எழுத வேண்டியிருக்காது. பழைய மாடலுக்காகச் சேர்த்த அழுத்தமான வரிகள் புதிய மாடலில் அளவுக்கு மீறி வேலை செய்வது உண்டு. அவற்றை முதலில் எடுத்துப் பாருங்கள்.

ஏஜென்ட்டையே ஃபெயில் ஆனதைப் படித்து விளக்கத்தைத் திருத்தச் சொன்னால் என்ன?

நல்ல வழி, நானும் செய்கிறேன். தவறிய ஓட்டங்களின் பதிவைக் கொடுத்து "இங்கே ஏன் இந்த டூலை எடுத்தாய்?" என்று கேட்டால், காரணமாகச் சொல்வது எப்போதும் உண்மைக் காரணமாக இருக்காது. ஆனால் எந்தச் சொல்லை அது எப்படிப் படித்திருக்கலாம் என்று ஒரு துப்பு கிடைக்கும். சிக்கல் வேறிடத்தில்: ஃபெயில் ஆன கேள்வியில் இருந்த சொற்களையே எடுத்து விளக்கத்தில் திணித்துவிடும். "மதியம் மாட்டுவேனா என்று கேட்டால் இதைக் கூப்பிடவும்" என்று ஒரு வரி வந்து நிற்கும். அந்தக் கேள்வி பாஸ் ஆகும், அதே அர்த்தத்தில் வேறு மாதிரி கேட்டால் ஃபெயில் ஆகும்.

ஆகவே கேள்விகளில் மூன்றில் ஒரு பங்கை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். திருத்தும் மாடல் அவற்றைப் பார்க்கக் கூடாது, நீங்களும் திருத்தும்போது பார்க்காதீர்கள். புதிய விளக்கம் அந்தப் பங்கிலும் பழையதைவிட நன்றாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அசையவில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிடுங்கள்.